அப்பத்தாவுக்கு முதல் தீ

எங்கள் ஊர்ப் பக்கம் கரியை யாரும் கடையில் போய் வாங்குவதில்லை. எங்கள் மண்ணிலிருந்துதான் அது லாரி ஏறி வெளியூர் போகிறது. சாயல்குடியைச் சுற்றி எந்தத் திசையில் நடந்தாலும் சீமைக்கருவேலம் நிற்கும். அதை வெட்டி அடுக்கி, மண் போட்டு மூடி, உள்ளே புகைய விட்டுக் கரியாக்கும் மூட்டங்கள் காட்டோரமெல்லாம் தென்படும். என் சித்தப்பா பல வருடம் மூட்டம் போட்டவர். மீனையும் காயையும் தணலில் சுட்டுச் சாப்பிடுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடமிருந்து வந்ததுதான். அவர் மீனைப் பற்றி அதிகம் பேசியதில்லை. நெருப்பைப் பற்றித்தான் பேசுவார்.

மூட்டம் போடுவது பொறுமை கேட்கும் வேலை. வெட்டிய விறகைக் கனம் பார்த்துப் பிரிப்பார்கள். தூர்க்கட்டையும் தடித்த விறகும் நடுவில், மெலிந்தவை வெளிப்பக்கம். இடுக்கு விடாமல் அடுக்கி, மேலே இலைதழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணை அப்பி மூடி, ஒரு வாயில் தீ வைப்பார்கள். உள்ளே போதிய காற்று இல்லாததால் விறகு எரிந்து சாம்பலாகாமல் வெந்து கரியாகும். முதலில் புகை கெட்டியாக, வெள்ளையாக வரும். அது பெரும்பாலும் விறகின் ஈரம். போகப் போகப் புகை மெலிந்து நீலம் பாரிக்கும். அந்த நேரம் பார்த்துக் காற்று வழிகளை அடைத்துவிட வேண்டும். தவறவிட்டால் மிஞ்சுவது சாம்பல். அதனால் சித்தப்பா ராத்திரியெல்லாம் மூட்டத்தடியிலேயே படுத்துக் கிடப்பார். மண் எங்காவது வெடித்துக் காற்று புகுந்தால் எழுந்து போய் அடைக்க வேண்டும். மேலே ஏறிப் பார்க்கையில் மூட்டம் உள்வாங்கிக் கால் வெந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. நகரத்தில் அழகான பையில் போட்டு விற்கிற கரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால்கள்தான் ஞாபகம் வரும்.

வீட்டுக்கு எடுக்கிற கரியை அவர் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார். நன்றாக வெந்த கரி ஒன்றோடொன்று மோதினால் கணீரென்று ஓசை வரும். வேகாத கரி மொத்தென்று கேட்கும். அதை நெருப்பில் போட்டால் புகைந்து கண்ணைக் கரிப்பதோடு, சுடுகிற பொருளிலும் ஒரு கசப்பை ஏற்றிவிடும். தூர்க்கட்டையில் வந்த கரிதான் அவருக்கு ஒசத்தி. பற்றிக்கொள்ள நேரமாகும், பற்றிக்கொண்டால் நின்று எரியும்.

கோடை விடுமுறைக்கு நாங்கள் ஊர் போய்ச் சேரும்போது மிளகாய்ப் பறிப்பு முடிகிற சமயமாக இருக்கும். களம் முழுக்க முண்டு மிளகாய் காயும். உருண்டையாக, தடித்த தோலோடு, கருஞ்சிவப்பாக இருக்கும் அந்த மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடற்கரையோரம் வாலிநோக்கத்திலும் மாரியூரிலும் உப்பளங்கள். 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஊரைச் சுற்றிப் பனங்காடு, பனங்காட்டுக்குள் கருப்பட்டி காய்ச்சும் குடிசைகள். 'தண்ணியில்லாக் காடு' என்று சொல்லி அரசாங்க ஊழியரைத் தண்டனையாக மாற்றுகிற இடம் எங்கள் ராமநாதபுரம் மாவட்டம் என்று சினிமாவிலும் பேசினார்கள், பேருந்திலும் பேசினார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கரி, உப்பு, மிளகாய், மீன், கருப்பட்டி என்று தணலில் சுடும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு வேண்டியது எல்லாம் சைக்கிள் மிதிக்கிற தூரத்துக்குள் இருந்தது. வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது பூண்டும் சீரகமும் மிளகும்தான்.

தாத்தா போன பிறகு அப்பத்தா கவிச்சி தொடுவதில்லை. அதற்காக மற்றவர்கள் மீன் தின்னக் கூடாது என்று அவள் சொன்னதில்லை. மீனுக்கு மசாலா அரைத்துக் கொடுப்பதே அவள்தான். ஆனால் மீன் பட்ட கம்பியில் வெந்த எதையும் வாயில் வைக்க மாட்டாள். "எனக்குள்ளத மொதல்ல சுட்டுக் குடுத்துருய்யா. பெறகு ஒங்க கடலக் கொண்டாந்து கொட்டிக்கங்க" என்பாள். சித்தப்பா அம்மா பேச்சைத் தட்டாதவர். ஆகவே எங்கள் வீட்டில் கரி அடுப்பு மூட்டினால் முதல் தீ அப்பத்தாவுக்கு. அந்தத் தீயில் காய் மட்டும்தான் வேகும். நாங்கள் பிள்ளைகள் எத்தனை பசியோடு இருந்தாலும் சரி, மீன் எத்தனை நல்ல மீனாக இருந்தாலும் சரி, அது ஓலைப்பெட்டிக்குள் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

மீனுக்கு விடியும் முன்பே மூக்கையூர்க் கரைக்குப் போவோம். சித்தப்பா சைக்கிள் மிதிக்க, கேரியரில் ஓலைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான். வீட்டில் வேறு பையன்கள் இருந்தும் என்னைத்தான் கூட்டிப் போவார். "தாயி, கண்ணத் தொறந்து பாத்துக்க. மீன் பாக்கத் தெரியாதவள மீன்காரி ஏமாத்திருவா" என்பார். கரைவலை இழுக்கிற நாளாக இருந்தால் அதைப் பார்ப்பதே போதும் என்றிருக்கும். வலையின் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் ஆட்கள் இரண்டு வரிசையாகப் பிடித்து, மணலில் பின்னோக்கி நடந்தே இழுப்பார்கள். அம்பா பாட்டு பாடி இழுக்கிற வரிசையும் உண்டு. நேரம் ஆக ஆக இரண்டு வரிசையும் நெருங்கி வரும். கடைசியில் மடி கரையேறும்போது சாளையும் காரலும் நெத்திலியும் துள்ள, நடுவே ஒன்றிரண்டு ஊளி, நகரை, கணவாய். கூறு கட்டி விற்பார்கள். எடை கிடையாது, கண் அளவுதான்.

கண் தெளிந்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், அழுத்தினால் குழி விழக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. சித்தப்பா சொல்லித் தந்தது வேறு. கறிக்கு வாங்குகிற மீனும் சுட வாங்குகிற மீனும் ஒன்றல்ல. சுடுவதற்குத் தோல் முக்கியம். தோல் தடித்து, செதில் உறுதியாக இருக்கிற விளைமீன் தணலைத் தாங்கும். சாளைக்கு உடம்பில் கொழுப்பு உண்டு. தானே எண்ணெய் விட்டுக்கொள்ளும். ஓரா அருமையான மீன், ஆனால் அதன் முதுகு முள் குத்தினால் விஷம் கடுக்கும். மேலும் அது பாசி மேய்கிற மீன். குடலை உடனே எடுக்காவிட்டால் அந்த வாடை சதைக்குள் இறங்கிவிடும். ஓரா வாங்கினால் கரையிலேயே முள்ளை வெட்டிக் குடலை எடுத்துக் கடல் தண்ணீரில் கழுவித்தான் பெட்டியில் போடுவோம். ஐஸ் கிடையாது. ஈரச்சாக்கு போர்த்தி, வெயில் ஏறும் முன் ஊர் திரும்பிவிடுவோம். வந்ததும் பெட்டியைக் கிணற்றடி நிழலில் வைத்துச் சாக்கை மறுபடி நனைப்போம்.

மசாலா அம்மியில். முண்டு மிளகாயைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, ஊறிய புளி, கல்லுப்பு, மஞ்சள் எல்லாம் சேர்த்து அப்பத்தா அரைப்பாள். ருசி பார்க்காமலே உப்புக் கணக்குச் சரியாக இருக்கும். வழித்தெடுத்ததும் நல்லெண்ணெய் விட்டுக் குழைப்பாள். அந்த எண்ணெய் மசாலாவை மீனில் பிடிக்க வைக்கும், கருகாமலும் காக்கும். நகரைக்கும் ஓராவுக்கும் எலும்பு வரை கீறிவிட்டு மசாலாவைக் கீறலுக்குள் அடைக்க வேண்டும். விளைமீனுக்கு மசாலாவே இல்லை. செதிலோடு, வயிற்றை மட்டும் சுத்தம் செய்து, உள்ளேயும் வெளியேயும் உப்பு தேய்த்து வைப்பதோடு சரி. இறாலுக்கும் கணவாய்க்கும் மஞ்சளும் மிளகும் உப்பும் போதும். நல்ல மீனின் மேல் ஒரு விரற்கடை கனத்துக்கு மசாலா அப்புவதை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை. மசாலா கருகுவதற்குள் மீன் வேகாது, மீன் வேகும்போது மசாலா கசந்திருக்கும்.

அடுப்பு என்று தனியாக ஒன்றும் இல்லை. வேப்பமரத்துக்கு அப்பால், காற்று வருகிற பக்கத்தில் இரண்டு வரிசைச் செங்கல். அதன்மேல் ஊர்க் கொல்லர் செய்து கொடுத்த கம்பித் தட்டி. பனை ஓலையும் தேங்காய் மட்டை நாரும் வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் சிரட்டை, அதன்மேல் கரி. மண்ணெண்ணெய் பக்கத்திலேயே வரக் கூடாது. கரியைச் சமமாகப் பரப்பவும் மாட்டார். ஒரு பக்கம் மேடாகக் குவித்து, மறுபக்கம் ஒற்றை வரிசையாக விடுவார். ஒரே அடுப்பில் இரண்டு நெருப்பு. எதை எங்கே வைப்பது, எப்போது நகர்த்துவது என்பதுதான் முழு வேலையும்.

சிரட்டை கொழுந்துவிட்டு எரியும்போதே கத்தரிக்காய் ஏறிவிடும். உள்ளங்கைக்கு அடங்காத உருண்டைக் கத்தரி. எண்ணெய் தடவி, கத்தி முனையால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி விடுவோம். குத்தாவிட்டால் உள்ளே ஆவி அடைந்து வெடித்துவிடும். தீ நேராகத் தோலில் பட வேண்டும். தோல் கருகி, சுருங்கி, உடம்பு தளர்ந்து, கடைசியில் காம்படியும் மெத்தென்று ஆகும் வரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். காம்படி கடினமாக இருக்கும்போதே எடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அங்கேதான் பச்சை வாடை ஒளிந்திருக்கும். எடுத்ததும் சட்டியில் போட்டு மூடி வைத்தால் சொந்த ஆவியிலேயே தோல் கழன்று வரும். உரித்த கத்தரியைத் தண்ணீரில் கழுவினால் அப்பத்தாவுக்குப் பொறுக்காது. "கழுவுறதுக்கா சுட்டம்?" என்பாள். விரலில் ஒட்டிய கரியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, துணுக்குத் துணுக்காகத் தோலை எடுப்பாள். அங்கங்கே கருகல் ஒட்டியிருந்தால் இருக்கட்டும் என்று விடுவாள்.

முருங்கைக்காயை நீளமாக அப்படியே போடுவோம். நெருப்பில் சுட்ட முருங்கைக்காயைத் தின்னாதவர்களுக்கு அந்தக் காயைப் பற்றிப் பாதிதான் தெரியும் என்பேன். வெளித்தோல் திட்டுத் திட்டாகக் கருகும்போது உள்ளே இருக்கிற ஈரம் சதையை வேகவைத்துவிடும். குழம்பில் கரைந்து போகிற வாசனையெல்லாம் சுட்ட காய்க்குள் அடைபட்டிருக்கும். இரண்டாகப் பிளந்து, விரலால் வழித்து, உப்புத் தொட்டுத் தின்ன வேண்டும். வாழைக்காயைத் தோலோடு போட்டுக் கருக்கி, உரித்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைவாள் சித்தி. சின்ன வெங்காயத்தைத் தோலோடு ஈர்க்குச்சியில் கோத்து வைப்போம். வெளித்தோல் சருகாக எரிந்து விழும். உள்ளே இருப்பது இனிக்கும். தக்காளி கடைசியில், தோல் வெடிக்கிற அளவுக்கு மட்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கை முதலிலேயே செங்கல் ஓரத்துச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். கிழங்கு எத்தனை மெதுவாகச் சூடேறுகிறதோ அத்தனை இனிக்கும். அதன் மாவைச் சர்க்கரையாக மாற்றுகிற நொதி மிதமான சூட்டில்தான் வேலை செய்யும், கொதி ஏறிவிட்டால் நின்றுபோகும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அவசரப்பட்டுத் தணலில் போட்டால் வெளியே கரி, உள்ளே வெறும் மாவு.

சுட்ட கத்தரி, வெங்காயம், தக்காளி, கங்கில் ஒரு நிமிடம் காட்டிய முண்டு மிளகாய், கொஞ்சம் புளி, கல்லுப்பு. இவற்றை அப்பத்தா மண்சட்டியில் போட்டுக் கையால் பிசைவாள். அம்மியில் அரைக்க மாட்டாள். கையில் பிசைந்தால்தான் கத்தரி விதையும் வெங்காய இதழும் தனித்தனியாக நாக்குக்குத் தெரியும். குதிரைவாலிச் சோற்றில் அதைப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி, திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து அவள் சாப்பிட ஆரம்பித்ததும் நாங்கள் எல்லாரும் போய்ச் சூழ்ந்துகொள்வோம். மீன் வரப்போகிறது என்று தெரிந்தும் அந்தச் சட்டிக்குச் சண்டை நடக்கும். "ஒங்களுக்குத்தேன் கடலே வருதே, எங் கத்தரிக்காய்க்கு ஏன்டி வாறீக?" என்று கேட்டுக்கொண்டே ஆளுக்கொரு உருண்டை உருட்டிக் கையில் வைப்பாள்.

அப்பத்தாவின் விரதத்துக்காக ஏற்பட்ட இந்த வரிசைதான் நெருப்புக்கும் உகந்த வரிசை என்பது எனக்கு வளர்ந்த பிறகு புரிந்தது. எரிகிற தீ மீனுக்கு ஆகாது. தோல் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். கத்தரிக்கும் முருங்கைக்கும் வாழைக்காய்க்கும் அந்தக் கருகல்தான் வேண்டும், ஏனென்றால் அந்தத் தோலை நாம் தின்னப் போவதில்லை. காய் வெந்து முடிகிற நேரத்தில் தீ அடங்கிக் கரி முழுக்கக் கங்காகியிருக்கும். கைக்கு எட்டிய உயரத்திலேயே அனல் அடிக்கும் அந்த நேரம் கணவாய்க்கும் இறாலுக்கும் உரியது. பிறகு கங்கின் மேல் நீறு பூக்கும். அந்தச் சீரான சூடு முழு மீனுக்கு. எல்லாம் முடிந்த பிறகும் சாம்பலில் மிஞ்சுகிற சூடு, முதலிலேயே புதைத்து வைத்த கிழங்குக்கு. காயை முதலில் போடச் சொல்லி அப்பத்தா வற்புறுத்தியிருக்காவிட்டால், சித்தப்பாவே சொல்லியிருப்பாரோ என்னவோ. அவர்கள் இருவரில் யார் யாரிடம் கற்றுக்கொண்டது என்று நான் கேட்டதில்லை.

கணவாயைச் சித்தி சுத்தம் செய்வாள். மைப்பையை உடையாமல் எடுத்து, உள்ளே இருக்கிற கண்ணாடி போன்ற தண்டை உருவி, தோலை உரித்து, ஒரு பக்கம் குறுக்கும் நெடுக்கும் லேசாகக் கீறி விடுவாள். மேடாகக் கங்கு குவிந்த பக்கம் வைத்து, சதை வெள்ளையாகிச் சுருளத் தொடங்கியதும் திருப்பி, மறுபக்கமும் அதேபோல ஒரு நிமிடம், எடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் ரப்பராகிவிடும். பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் குழம்பில் கொதித்தால்தான் மறுபடி மெத்தென்று ஆகும். இடைப்பட்ட வழி கணவாய்க்குக் கிடையாது. இறாலை ஓட்டோடு ஈர்க்குச்சியில் கோத்துச் சுடுவோம். சாம்பல் பச்சையாக இருந்தது கண் முன்னே சிவக்கும். அந்தச் சிவப்பு முதலிலிருந்தே ஓட்டில் இருப்பதுதான். புரதத்தோடு கட்டுண்டு கிடந்த நிறமி சூட்டில் விடுபட்டு வெளியே தெரிகிறது. அந்த நிறம் பார்த்ததும் கை நீட்டுவோம். சித்தப்பா தலையை ஆட்டினால் மட்டும்தான் எடுக்கலாம்.

மீன் ஏறும் முன் கம்பியைச் சுத்தம் செய்வது என் வேலை. கம்பியைக் காய வைத்து, பாதியாக நறுக்கிய வெங்காயத்தைக் குச்சியில் குத்தி, எண்ணெயில் தோய்த்து, கம்பி முழுக்கத் தேய்ப்பேன். மீன் ஈரமாக இருந்தால் ஒட்டும், கம்பி சூடேறாமல் இருந்தால் ஒட்டும். இரண்டும் சரியாக இருந்தும் ஒட்டுகிறது என்றால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். "அதுவா விடும் தாயி, நீ பிடுங்காத" என்பார் சித்தப்பா. அது உண்மை. தோல் வெந்து இறுகியதும் மீன் தானே கம்பியை விட்டு எழும்பி வரும். ஒரு மீனை ஒரு தடவைதான் திருப்ப வேண்டும். நாலு தடவை திருப்புகிறவர் மீனைச் சுடவில்லை, உதிர்க்கிறார்.

சாளை வைத்தால் கொழுப்பு சொட்டிக் கங்கு சீறும். அந்தப் புகைதான் சுட்ட மீனின் பாதி வாசனை. ஆனால் சொட்டிய கொழுப்பு தீயாகப் பற்றிக்கொண்டால் மீனை மெல்லிய நெருப்புப் பக்கம் நகர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கரிப்பிடித்த ருசி வந்துவிடும். விளைமீன் நீறு பூத்த பக்கம், நிதானமாக. செதிலும் தோலும் சேர்ந்து ஒரு மூடி மாதிரி இருந்து சதையின் ஈரத்தைக் காக்கும். தலைக்குப் பின்னால் சதை தடித்த இடத்தில் ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பார். தடையில்லாமல் எலும்பு வரை இறங்கினால் வெந்தது. மீன் சதை வேக 60 டிகிரி சூடு போதும். ஆட்டுக்கறி வேகவைக்கிற பழக்கத்தில் மீனையும் வேகவைப்பதால்தான் நம்மில் பலர் சக்கையைத் தின்றுவிட்டு மீன் தின்றதாகச் சொல்கிறோம். வெந்த விளைமீனின் தோலைச் செதிலோடு ஒரே இழுப்பில் உரித்தால், உள்ளே வெள்ளை வெளேரென்று சதை. அதில் உப்பும் கடலும் தவிர எதுவும் இருக்காது. முண்டு மிளகாய்த் துவையல் பக்கத்தில் இருக்கும், வேண்டியவர்கள் தொட்டுக்கொள்ளலாம். நான் தொட்டதில்லை.

நண்டு கிடைத்த நாளில் கடைசியாக நண்டு. அதை மல்லாக்க வைக்க வேண்டும், முதுகு கீழே இருக்கும்படி. அப்போதுதான் உள்ளே ஊறுகிற சாறு ஓட்டிலேயே தங்கும். பனை ஓலைப் பட்டையில் சோற்றை வைத்துக்கொண்டு அந்தச் சாற்றை நேராகச் சோற்றில் கவிழ்த்துக்கொள்வோம்.

அப்பத்தா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சித்தப்பாவும் இப்போது மூட்டம் போடுவதில்லை. உடம்பு இடம் கொடுக்கவில்லை. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. கண்மாயெல்லாம் அடைத்துக்கொண்டு, வயலெல்லாம் பரவி நிற்கிற மரம் அது. போக வேண்டிய மரம்தான், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மழை பொய்த்த வருடங்களில் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது அந்த முள்மரத்துக் கரி. மரத்தை எடுக்கிறவர்கள் அந்த மனிதர்களுக்கு வேறு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது சென்னையில் மொட்டை மாடியில் அடுப்பு வைக்கிறேன். செங்கலுக்குப் பதில் கால் வைத்த இரும்புத் தொட்டி, மற்றபடி எல்லாம் அதேதான். மூடிய அறையிலோ பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டோ கரி மூட்டவே கூடாது. மணமில்லாத அந்த நச்சு வாயு ஆளைக் கொன்றுவிடும். நண்பர்கள் வீட்டு மாடிகளில் நான் பார்க்கிற சுட்ட சாப்பாட்டில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இறாலுக்கும் மீனுக்கும் முதல் நாளே ஊறவைத்துத் தயாராக இருப்பார்கள். காய் என்று வரும்போது குடைமிளகாயையும் வெங்காயத்தையும் சதுரமாக நறுக்கிக் கோழித்துண்டுகளுக்கு இடையே சொருகிவிடுவார்கள். கோழி வேகிற நேரம் வேறு, குடைமிளகாய் வேகிற நேரம் வேறு. இரண்டையும் ஒரே கம்பியில் கட்டிப்போட்டால் ஒன்றாவது கெட்டே தீரும். காய் அங்கே நிறத்துக்காகத்தான் இருக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர் யாராவது வந்திருந்தால், எல்லாம் முடிந்து கம்பியெல்லாம் மீன் ஒட்டிக் கிடக்கும்போது அவருக்கு ஒரு பனீர்த்துண்டு வைப்பார்கள். அவரும் சங்கடத்தோடு சிரித்துக்கொண்டு தயிர்ச்சோறு சாப்பிடுவார்.

எங்கள் எதிர்வீட்டு அம்மா சைவம். மாடியில் அடுப்பு மூட்டுகிற நாளில் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன். கழுவித் துடைத்த கம்பியில், கொழுந்துவிடுகிற முதல் தீயில், கத்தரிக்காயும் முருங்கைக்காயும் ஏறும். அவர் வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அக்கா, காம்புப் பக்கம் இன்னும் வேகல பாருங்க" என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார். முருங்கைக்காயைப் பிளந்து வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மீன் ஏறும் முன் தன் பங்கு கத்தரிப் பிசையலை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். என் பிள்ளைகள் அதற்கு முன்பே அந்தச் சட்டியில் பாதியைத் தின்றிருப்பார்கள்.

மீன் வாங்குவதில் மட்டும் கோடையில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மீன்களின் இனப்பெருக்கக் காலத்துக்காக 2001 முதல் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு. முதலில் 45 நாட்களாக இருந்தது, 2017இல் 61 நாட்களானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த நாட்களில் பெரிய மீன் விலை ஏறிவிடும், ஐஸில் கிடந்த மீனும் நிறைய வரும். ஆனால் சுடுவதற்கு அந்த மாதங்கள் மோசமில்லை என்பது என் எண்ணம். நாட்டுப் படகுக்குத் தடை இல்லை. விடிகாலையில் போய் அன்றைக்கே திரும்புகிற அந்தப் படகுகளில் வருவது சின்ன மீன், அன்றைய மீன். பட்டினப்பாக்கம் கரையில் கண் தெளிந்த சாளையோ நகரையோ கிடைத்தால் வஞ்சிரத்தைத் தேட மாட்டேன்.

கரியைச் சித்தப்பா இன்னும் ஊரிலிருந்து பேருந்தில் போட்டு விடுகிறார். வேறு யாரோ போட்ட மூட்டத்தில் எடுத்த கரி. தட்டிப் பார்த்துப் பொறுக்குவது இப்போதும் அவர்தான். மூட்டை வந்து சேர்ந்ததா என்று கேட்க மாட்டார். அடுப்பு மூட்டிய மறுநாள் பேசும்போது, எவ்வளவு நேரம் நின்று எரிந்தது, புகைந்ததா, கத்தரிக்காய்க்குத் தீ காணுமா என்றுதான் கேட்பார். போன மூட்டையில் தூர்க்கரி குறைவு. மீன் பாதி வேகையில் நீறு கூடிச் சூடு இறங்கிவிட்டது. சொன்னேன். "அப்பிடியா? இந்தத் தடவ தூராப் பாத்துப் போட்டு விடுறேன் தாயி. புளிய வெறகுலயும் ஒரு மூட்டம் போட்டிருக்கானுக, அதுலயும் கொஞ்சம் கலந்து விடுறேன், எரிச்சுப் பாத்துச் சொல்லு" என்றார். புளியங்கரியில் இதுவரை நான் மீன் சுட்டதில்லை. அது பற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டேன். கருவேலத்தைவிடக் கூடத்தான் ஆகும், ஆகையால் காயைக் கொஞ்சம் அதிகமாகவே வாங்கி வைத்துக்கொள் என்றார்.